தொமுஸ்: இலத்தீன் இல்லச் சொல்லின் பொருளும் பிறப்பும்

இலத்தீன் அகராதிகள் 'தொமுஸ்' என்னும் சொல்லுக்கு முதற்பொருளாக வீடு என்பதைத் தருகின்றன. (இக்கட்டுரையில் இச்சொல்லின் முதலெழுத்தை, 'பந்து' என்பதில் உள்ள தகரம்போல ஒலிப்புடையதாகக் கொள்க.) அதனை அடுத்துக் குடும்பம், குலம், தாயகம், உறைவிடம் முதலிய பொருள்கள் வரிசைப்படுத்தப்படும். கட்டடமே மூலப்பொருள் என்றும், அதில் வாழும் மாந்தரையும் அவர்தம் உறவையும் குறித்தது ஆகுபெயரால் விளைந்த விரிவு என்றும் கருத இவ்வரிசை இடந்தருகிறது. இக்கருத்தைப் பிரெஞ்சு மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்த், 1969இல் வெளிவந்த 'இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்களஞ்சியம்' என்னும் நூலில் மறுத்தார். 'தொமுஸ்' சமூக அலகு ஒன்றின் பெயர். அது கட்டடத்தின் பெயரன்று என்பது அவர் துணிபு. அத்துணிபுக்கு இலத்தீன் மொழியின் உள்ளிருந்தே கிடைக்கும் சான்றுகள் வலியவை. ஆயின், அவர் சென்ற எல்லை முழுவதும் அவை துணைநிற்பதாகக் கொள்ள இயலாது.

சொல்லின் உருபேற்பு

இச்சொல்லின் வடிவமே அதன் தொன்மைக்குச் சான்று. இலத்தீன் பெயர்ச்சொற்கள் உருபேற்கும் முறை நோக்கி ஐந்து வகையாகப் பகுக்கப்படும். 'தொமுஸ்' உகரத் தண்டுடைய நான்காம் வகையைச் சார்ந்த பெண்பாற் சொல்லாகக் கற்பிக்கப்படுகிறது. எனினும் நீங்கற்பொருளில் 'தொமோ' என இரண்டாம் வகையின் வடிவத்தையே பெரிதும் ஏற்கிறது. பன்மையில் இருவகை வடிவங்களும் விரவி வருகின்றன. இக்குழப்பம் உரோமர்க்கும் இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் ஆறாம் வேற்றுமை ஒருமையைத் தம் கைப்பட 'தொமோஸ்' என்றே எழுதிவந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் குறித்துவைத்துள்ளார். பேரரசர் ஒருவரின் எழுத்து வழக்கு என்னும் அளவில் அவர் அதைச் சுட்டினாலும், வரலாற்று மொழியியலார்க்கு அது ஒரு தடயமாகிறது. மிகப் பழைய வேர்ப்பெயர் ஒன்று, பிற்காலத்தில் ஒகரத் தண்டாகவும் உகரத் தண்டாகவும் இருவழிப் பிரிந்து மீண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்திருக்கிறது. உருசிய மொழியில் வீட்டைக் குறிக்கும் 'தோம்' என்னும் சொல்லின் பழைய சிலாவிய வடிவமும் உகரத் தண்டுடையதே.

இதனினும் கருதத்தக்கது இடப்பொருள் வேற்றுமை. செவ்வியல் இலத்தீனில் இவ்வேற்றுமை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஊர்ப்பெயர்களிலும் நாட்டுப்புறம், நிலம் முதலியவற்றைக் குறிக்கும் ஒருசில சொற்களிலும் மட்டுமே அது எஞ்சியது. அவ்வெஞ்சியவற்றுள் ஒன்று 'தொமீ', அதாவது 'இல்லத்தில்'. 'இல்லத்துக்கு' என்னும் பொருள்தரும் 'தொமும்', 'இல்லத்திலிருந்து' என்னும் பொருள்தரும் 'தொமோ' ஆகியனவும் ஊர்ப்பெயர்களைப் போலவே முன்னிடைச்சொல் வேண்டாது வரும். பிறர் மனைக்குள் நுழைவதையோ ஒரு கட்டடத்தின் உட்புறத்தையோ வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய இடங்களில்தான் முன்னிடைச்சொல் தேவைப்படுகிறது. தன் இல்லம் என்பது உரோமர் இலக்கணத்தில் ஒரு பொருளாக அன்றி ஒரு திசையாக, பெயர்பெற்ற ஓர் இடமாக நிற்கிறது.

இல்லச் சொல் இடப்பொருளின் இலக்கணத்தோடு நெருங்குதல் உலக மொழிகளில் அரிதன்று. பிரெஞ்சில் 'ஒருவரிடத்தில்' என்று பொருள்படும் 'ஷே' என்னும் முன்னிடைச்சொல், குடிசையைக் குறித்த 'கசா' என்னும் இலத்தீன் பெயரின் தேய்வு. தமிழின் ஏழாம் வேற்றுமை உருபாகிய 'இல்', இல்லத்தைக் குறிக்கும் 'இல்' என்னும் பெயரே எனக் கால்டுவெல் கருதியதும் இங்கு நினைக்கத்தக்கது. இவை ஒரே வகை மாற்றத்துக்கு எடுத்துக்காட்டுகளே. இவற்றைக் கொண்டு மொழியினவுறவு காட்டுதல் பொருந்தாது.

வாயிலுக்கு இப்பாலும் அப்பாலும்

'தொமீ' என்பதன் எதிர்ச்சொல் எது என்று வினவினால் இச்சொல்லின் பொருளெல்லை தெளிவாகும். கட்டடமே கருப்பொருளாயின் வெட்டவெளி, காடு, வயல் ஆகியவற்றுள் ஒன்று எதிர்நிலையில் நின்றிருக்க வேண்டும். உண்மையில் எதிர்நிற்பது 'ஃபொரீஸ்', அதாவது 'வெளியில்'. இது கதவைக் குறிக்கும் 'ஃபொரேஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது. வாயிலில் நின்று பார்ப்பவர்க்கு உட்புறம் 'தொமுஸ்'. கதவுக்கு அப்பாலுள்ள அனைத்தும், அடுத்த தெருவாயினும் அயல்நாடாயினும், 'ஃபொரீஸ்'. இன்று தமிழ்ப் பேச்சில் வழங்கும் 'ஃபாரின்' என்னும் ஆங்கிலச் சொல் இவ்வடியிலிருந்து வந்ததே. அயல்நாடு என்னும் பொருள் கதவின் பெயரிலிருந்து தோன்றியமை, எல்லையை உரோமர் எங்கே வகுத்தனர் என்பதைக் காட்டும்.

இவ்வுள்ளெல்லை விரிந்துகொடுக்கும் இயல்புடையது. 'தொமீ மிலிதியேக்குவே' என்பது உரோம வரலாற்றாசிரியர்களிடம் பயின்றுவரும் தொடர். 'இல்லத்திலும் போர்ப்பணியிலும்' என்பது சொற்பொருள். அங்கே இல்லம் என்பது யாதொரு தனிமனிதனின் மனையுமன்று. உரோமை நகரின் குடியியல் வாழ்வு முழுவதையும் அச்சொல் தழுவுகிறது. 'தொமெஸ்திகுஸ்' என்னும் பெயரடையும் அவ்வாறே. அது வீட்டுக்குரியதை மட்டுமன்றி உள்நாட்டுக்குரியதையும் குறித்தது. உள்நாட்டுப் போரையும் அவ்வடையால் சுட்டினர். மனை, நகர், நாடு என்று வட்டம் பெருகினும், 'எமக்குரிய உட்புறம்' என்னும் கரு மாறுவதில்லை. சுவரையும் கூரையையும் மூலப்பொருளாகக் கொண்டால் இவ்விரிவை விளக்குவது கடினம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இங்கு அகம், புறம் என்னும் பாகுபாடு நினைவுக்கு வருதல் இயல்பு. அகம் என்னும் சொல் மனையையும் உட்புறத்தையும் ஒருங்கே குறிப்பதும், போர் புறத்தின்பாற்படுவதும் 'தொமீ மிலிதியேக்குவே' என்னும் தொடரோடு ஒப்பிடத்தக்கனவே. எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. தமிழ் மரபில் அகம் காதலின் களம். உரோமரின் 'தொமுஸ்' ஆட்சியின் களம்.

கட்டடத்துக்கு வேறு பெயர்

இலத்தீனில் கட்டடத்துக்கெனவே தனிச்சொல் உண்டு. அது 'ஐதெஸ்'. எரிதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல் முதலில் அடுப்பை உடைய இடத்தைக் குறித்திருக்க வேண்டும். ஒருமையில் கோயிலையும் பன்மையில் வாழ்மனையையும் குறித்தது. 'கட்டுதல்' என்னும் வினை 'ஐதிஃபிகாரே' என இச்சொல்லின் அடியாகவே பிறந்தது. நகரின் பொதுக் கட்டடங்களைப் பேணிய அதிகாரியின் பதவிப்பெயராகிய 'ஐதீலிஸ்' என்பதும் இதன் வழியதே. 'தொமுஸ்' என்பதிலிருந்தோ கட்டுதலைக் குறிக்கும் வினை எதுவும் இலத்தீனில் தோன்றவில்லை. அதன் வழிவந்தவை தலைமை, உடைமை, உறைதல், உள்நாடு என்னும் பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒரு சொல்லின் கருப்பொருளை அதன் வழித்தோன்றல்களைக் கொண்டு அளக்கும் முறை ஏற்கத்தக்கதாயின், பென்வெனிஸ்த் இங்கு வெல்கிறார்.

இவ்வேறுபாடு வாழ்வில் எத்துணை ஆழமாக உணரப்பட்டது என்பதற்குச் சிசரோவின் வழக்கு சிறந்த சான்று. கி.மு. 62இல் அவர் பலதீன் குன்றில் 35 இலட்சம் செஸ்டெர்சு கொடுத்துக் கிராசஸிடமிருந்து ஒரு மனையை வாங்கினார். கி.மு. 58இல் அவர் நாடுகடந்து சென்றபோது, அவருடைய பகைவர் குளோடியஸ் அம்மனையை இடிப்பித்து, அம்மனையிடத்தில் விடுதலைத் தெய்வத்துக்கு ஒரு கோயிலை நேர்ந்தளித்தார். நேர்ந்தளித்த நிலம் தெய்வத்துக்குரியதாகிவிடும் ஆதலால், அதை உரிமையாளரிடம் திருப்பித்தர இயலாது என்பது குளோடியஸின் கணக்கு. மறுவாண்டு திரும்பிய சிசரோ குருமார் அவையின் முன் தம் இல்லத்துக்காக வாதிட்டார். அவ்வுரை 'தம் தொமுஸ் குறித்து' என்னும் பெயரால் இன்றும் கிடைக்கிறது. மன்னராக விழைந்தோராகக் குற்றஞ்சாட்டப்பட்ட மேலியஸ், காசியஸ் முதலியோரின் மனைகள் முன்னாளில் தரைமட்டமாக்கப்பட்டதை அவர் அதில் நினைவூட்டுகிறார். தம் மனை இடிந்துகிடக்கும்வரை தாமும் அவர்களோடு வைத்து எண்ணப்படுவார் என்பதே அவர் அச்சம். குடிமகன் ஒவ்வொருவனின் 'தொமுஸ்' அவனுடைய பலிமேடையும் அடுப்பும் இல்லுறை தெய்வங்களும் உள்ள புகலிடம் என்றும் வாதிடுகிறார். அவர் மீட்க முயன்றது செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. நகரில் தமக்குரிய நிலையையே மீட்க முயன்றார்.

தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. இழப்பீடு எவ்வளவு என்பதை நண்பர் அத்திகுஸுக்கு எழுதிய மடலில் சிசரோ தெரிவிக்கிறார்: பலதீன் மனைக்கு 20 இலட்சம் செஸ்டெர்சு; துஸ்குலம், ஃபோர்மியே ஆகிய இடங்களிலிருந்த நாட்டுப்புற மனைகளுக்கு முறையே 5 இலட்சமும் இரண்டரை இலட்சமும். பலதீன் மனையின் மதிப்பீட்டைக் கூறும் அவ்விடத்தில் அவர் கையாளும் சொல் 'தொமுஸ்' அன்று. 'ஐதெஸ்' என்பதன் பன்மை உடைமை வடிவமே. விலை மதிக்கத்தக்க மேற்கட்டுமானத்துக்கு ஒரு சொல்லும், குருமார் முன் வழக்காடி மீட்க வேண்டியதற்கு மற்றொரு சொல்லும் ஒரே மனிதரின் எழுத்தில், ஒரே மனையைப் பற்றி, சிலநாள் இடைவெளியில் வந்துள்ளன.

ஆயினும் இதனைக் கொண்டு 'தொமுஸ்' ஒருபோதும் கட்டடத்தைக் குறிக்கவில்லை எனல் மிகைக்கூற்று. சிசரோவின் அதே உரையில் இடிக்கப்பட்டதும் எரிக்கப்பட்டதும் 'தொமுஸ்' என்றே சொல்லப்படும். கி.பி. 64ஆம் ஆண்டுத் தீக்குப்பின் நீரோ எழுப்பிய அரண்மனை 'பொன் தொமுஸ்' எனப் பெயர்பெற்றது. கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த உரோமை நகரப் பகுதிப் பட்டியல்கள், 'தொமுஸ்' என்னும் தனிமனைகளை ஏறத்தாழ 1,800 என்றும், 'இன்சுலா' என்னும் குடியிருப்புகளை 46,000க்கு மேல் என்றும் கணக்கிட்டு, இரண்டையும் வேறு கட்டட வகைகளாகவே காட்டுகின்றன. கட்டடப்பொருள் செவ்வியல் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. பென்வெனிஸ்த் காட்டியது கருப்பொருளை; அவரோ அதனை முழுப்பொருளாக்க முயன்றார் எனத் தோன்றுகிறது.

வேர் பற்றிய வழக்கு

சொற்பிறப்புச் சிக்கல் இங்குதான் எழுகிறது. கிரேக்கத்தில் 'தொமோஸ்' வீட்டையும், 'தெமோ' என்னும் வினை கட்டுதலையும் குறிக்கின்றன. செருமானிய மொழிகளில் மரவேலையைக் குறிக்கும் சொற்கள், ஆங்கிலத்தின் 'டிம்பர்' உட்பட, இவ்வினையோடு உறவுடையவை. ஆதலால் வீடு என்பது கட்டப்பட்டது என்னும் விளக்கம் நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டது. இதனோடு, விலங்கைப் பழக்குதலைக் குறிக்கும் 'தொமாரே' என்னும் இலத்தீன் வினையையும் இணைத்து, பழக்குதலாவது வீட்டோடு சேர்த்தல் என்று கூறுவாரும் உளர்.

பென்வெனிஸ்த் இவற்றை மூன்று தனிவேர்களாகப் பிரித்தார்: இல்லச் சமூகத்தைக் குறிப்பது ஒன்று, கட்டுதலைக் குறிப்பது ஒன்று, அடக்குதலைக் குறிப்பது ஒன்று. மூன்றாவதைப் பிரித்தது பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. குதிரையை அடக்குதலே அதன் முதற்பொருள். வீட்டோடு அதற்கு உறவில்லை. வடமொழியிலிருந்து தமிழ்ச் சமய நூல்களில் புகுந்த 'தமம்' (புலனடக்கம்) என்னும் சொல் இவ்வடக்கல் வேரின் வழியதே. அது இல்லத்தைக் குறிக்கும் வேதச் சொல்லாகிய 'தம'வோடு ஒலியால் ஒத்திருப்பது ஆய்வாளரை மயக்கக்கூடும்.

முதலிரு வேர்களைப் பிரிப்பதில்தான் கருத்து வேறுபாடு. கட்டுதல் வினையின் கிரேக்கத் திரிபுகள் சிலவற்றில், வேரின் இறுதியில் மூலமொழி மிடற்றொலி ஒன்று இருந்தமைக்கான அடையாளம் தெரிகிறது. வேதமொழியிலுள்ள இல்லச் சொல்லில் அவ்வடையாளம் இல்லை. இஃது இரு வேர்கள் என்பதற்குச் சார்பான சான்று. ஆயின் சில ஒலிச்சூழல்களில் அம்மிடற்றொலி கெடும் என்பதும் அறியப்பட்டதே. எனவே 'தொமோஸ்' என்னும் கிரேக்கப் பெயர் இரண்டில் எவ்வேரினது என்பதை வடிவம் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. கிரேக்கர்க்கு 'தொமோஸ்' பெரிதும் கட்டடமே. குடும்பத்தைக் குறிக்க அவர்கள் 'ஒய்கோஸ்' என்னும் வேறு சொல்லைக் கையாண்டனர். இலத்தீன் சொல்லின் பொருளைக் கிரேக்கச் சொல்லால் அளந்ததே பழைய விளக்கத்தின் குறை. வேர் ஒன்றாயினும் இரண்டாயினும், உரோமரின் 'தொமுஸ்' கட்டுதலை நினைவூட்டும் சொல்லாக இருக்கவில்லை.

தொமினுஸும் தம்பதியும்

'தொமுஸ்' ஈன்றவற்றுள் மிகப் பரந்து வழங்குவது 'தொமினுஸ்'. குழுவின் பெயரோடு 'னுஸ்' ஈறு சேர்ந்தால் அக்குழுவின் தலைவர் பெயராகும். 'திரிபுஸ்' என்னும் குலப்பிரிவின் தலைவர் 'திரிபூனுஸ்'. அதுபோலவே 'தொமுஸ்' என்பதன் தலைவர் 'தொமினுஸ்'. வெறுங்கட்டடத்துக்குத் தலைவர் இரார். தலைவரை உடையது மாந்தர் குழுவே. அடிமைகளையும் உடைமைகளையும் ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கிய இச்சொல், உரோமச் சட்டத்தில் முழுவுடைமையைக் குறிக்கும் கலைச்சொல்லுக்கும் அடியாயிற்று. அகஸ்டஸ் தம்மை எவரும், தம் பிள்ளைகளும் பேரர்களும்கூட, விளையாட்டாகவேனும் இப்பெயரால் விளிக்கக் கூடாதென விலக்கினார் எனச் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். தொமித்தியனோ அதே பெயரை விரும்பி ஏற்றார். உரோமை நகரே ஒருவரின் இல்லமாகிவிட்டதா என்பதே அவ்விரு நிலைகளுக்கும் இடையிலிருந்த அரசியல் வினா.

இதன் பெண்பால் 'தொமினா'. தமிழில் 'இல்', 'மனை' ஆகியன இல்லாள், மனைவி எனப் பெண்பாற் பெயர்களையே பெரிதும் தந்தன. 'இல்லான்' எனின் பொருளற்றவன் என்றே கொள்ளப்படும். இலத்தீனிலோ ஆண்பாற் சொல்லே முதன்மையுடையது. 'தொமினுஸ்' என்பதற்குத் தமிழில் நெருங்கிய ஒப்பு தேடின், 'இல்' அடியாகப் பிறந்த எச்சொல்லையும்விட, உரிமைப்பொருளுடைய கிழமையிலிருந்து வந்த 'கிழவன்' என்னும் பழஞ்சொல்லே பொருந்தும்.

இவ்வேரின் கிளைகள் தமிழ் வழக்கிலும் உண்டு. வேதமொழியின் 'தம்பதி', அவெத்தாவின் இணைச்சொல், கிரேக்கத்தின் 'தெஸ்பொத்தேஸ்' ஆகிய மூன்றும் 'இல்லத்தின் தலைவர்' என்னும் ஒரே மூலத்தொடரின் வழிவந்தவை. அவற்றின் முதற்பகுதி 'தொமுஸ்' என்பதோடு இனமுடைய வேர்ப்பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம். இருக்கு வேதத்தில் 'தம்பதி' ஒருமையில் இல்லத்தலைவரையும், இருமையில் இல்லத்தை ஆளும் கணவன் மனைவியரையும் குறித்தது. 'தம்' என்பதன் பொருள் மறைந்தபின், வடமொழி இலக்கண மரபு அதனை மனைவியைக் குறிக்கும் 'சாயா'வின் திரிபென விளக்கிற்று. 'சம்பதி' என்னும் மாற்று வடிவமும் வழங்கலாயிற்று. தமிழ்ச் செவிக்கு இச்சொல் 'தம்' எனவும் 'பதி' எனவும் எளிதிற் பிரியும். ஊரையும் இல்லத்தையும் குறிக்கும் 'பதி' தமிழில் இருப்பதால் அப்பிரிப்பு பொருந்துவதுபோலவும் தோன்றும். ஆனால் இல்லம் என்னும் பொருள் இச்சொல்லின் முற்பகுதியில் உள்ளதேயன்றிப் பிற்பகுதியில் இல்லை. கிரேக்கக் கிளையில் அதே தொடர் கொடுங்கோலர் என்னும் பொருளுக்கும், இந்தியக் கிளையில் இருவர் இணைந்து ஆளும் இல்லத்துக்கும் சென்றது வியப்பளிப்பது.

மற்றொரு வழியிலும் இவ்வேர் தமிழரிடம் வந்துள்ளது. 'என் தலைவி' என்று பொருள்படும் இலத்தீன் தொடர் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று அலுவலகந்தோறும் 'மேடம்' என ஒலிக்கிறது. 'தொமினுஸ்' போர்த்துக்கேயத்தில் 'தொம்' எனத் தேய்ந்து, இலங்கையின் முதல் தலைமையமைச்சர் டொன் ஸ்டீபன் சேனநாயக்க போன்றோரின் பெயர்முன் நின்றது. இவ்வாறு வந்தடைந்த எச்சொல்லிலும் சுவரோ கூரையோ இல்லை. தலைமை மட்டுமே எஞ்சியுள்ளது.

குடும்பமும் தொமுஸும்

தமிழில் மொழிபெயர்ப்போர் 'ஃபமிலியா'வைக் குடும்பம் எனவும், 'தொமுஸ்' என்பதை வீடு எனவும் பெயர்த்து அமைவதுண்டு. உரோமரின் 'ஃபமிலியா', சட்ட நிலையில், ஓர் ஆண்தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டோரையும் அடிமைகளையும் குறிப்பது. மணமான மனைவி பெரும்பாலும் தந்தையின் 'ஃபமிலியா'விலேயே தொடர்ந்ததால், கணவனின் 'ஃபமிலியா'வில் அவளுக்கு இடமில்லை. 'தொமுஸ்' என்பதோ மனைவி, மகள்வழிப் பேரர், தாய்வழி உறவினர் ஆகியோரையும் உள்ளடக்கியது. இவ்வேறுபாட்டை ரிச்சர்ட் சேலர் 1984இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. அகஸ்டஸுக்கு மகன் இல்லை. மகள், மனைவியின் முன்மணப் புதல்வர், பேரர் வழியாகவே ஆட்சியுரிமை சென்றது. ஆதலால் அம்மரபைச் சுட்ட 'அகஸ்டஸின் தொமுஸ்' என்னும் தொடரே ஏற்றதாயிற்று. இதனை 'அகஸ்டஸின் வீடு' என்று பெயர்ப்பது பிழை. 'குடி' என்பதே கருத்துக்கு அண்மையில் நிற்கும்.

சொல் மறைந்த விதம்

இத்துணைச் செல்வாக்குடைய சொல், இலத்தீனின் வழிமொழிகள் பெரும்பாலானவற்றில் வீட்டின் பெயராக நிலைக்கவில்லை. இத்தாலியம், இசுப்பானியம், போர்த்துக்கேயம், உருமேனியம் ஆகியவற்றில் குடிசையைக் குறித்த 'கசா' அவ்விடத்தைப் பிடித்தது. பிரெஞ்சில் தங்குமிடத்தைக் குறித்த வேறு சொல் வீட்டின் பெயராயிற்று. உரோமரின் பெருங்குடிகளும் அவர்தம் இல்லத் தெய்வங்களும் மறைந்தபின், மக்கள் வாழ்ந்த எளிய மனைக்கு எளிய பெயரே போதுமானதாயிற்று. 'தொமுஸ்' இறைவனின் இல்லத்துக்கு உரியதாக ஒதுங்கியது: இத்தாலியத்தின் 'துவோமோ', செருமானியத்தின் 'தோம்' ஆகியன தலைமைப் பேராலயங்களின் பெயர்கள். அப்பேராலயங்களின் குவிந்த கூரையே பிற்காலத்தில் ஆங்கிலத்தின் 'டோம்' என்னும் சொல்லுக்குப் பொருளாயிற்று. கட்டடத்தைக் குறிப்பதில் தயங்கி நின்ற சொல், இறுதியில் கட்டடத்தின் ஓர் உறுப்புக்கே பெயராகிவிட்டது.

சார்தீனியத் தீவில் மட்டும் நிலைமை வேறு. அங்கே இன்றும் வீடு 'தொமோ' அல்லது 'தொமு' எனப்படுகிறது. அத்தீவின் பாறைகளில் குடைந்த வரலாற்றுக்கு முற்பட்ட கல்லறைகளையும் ஊர்மக்கள் 'தொமுஸ் தெ ஜானாஸ்', அதாவது 'தேவதைகளின் வீடுகள்' என்றே அழைக்கின்றனர்.